பிள்ளை பெற்றால் தீருமா முடக்குவாதம்?

அன்புள்ள செல்வி,

போன வாரம் ஓ.பி.யில் மகளைக் கூட்டிவந்த ஒரு அம்மா, “கல்யாணமாகி ஒரு பிள்ளை பொறந்துட்டா இந்தச் சரவாங்கி போயிடும்னு சொல்றாங்களே?” என்று கேட்டார். அவர் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் போனபிறகு நீயும், “கர்ப்பத்தில் குறையும் என்றுதானே சார் புத்தகத்திலும் இருக்கிறது?” என்றாயே, அதுதான் உறுத்துகிறது. குறையும் என்பது வேறு, போய்விடும் என்பது வேறு. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் அந்தப் பெண் விரல் மடக்க முடியாமல் வந்து நின்றால் யார் பதில் சொல்வது?

இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த ஃபிலிப் ஹென்ச். மஞ்சள் காமாலை வந்த முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மூட்டுவலி விட்டுப்போனதை 1929இல் கவனித்தார். கர்ப்பிணிகளிடமும் இதுவே நடக்கிறது என்று 1938இல் எழுதினார். காமாலை ஆணுக்கும் வரும்; ஆகவே வலியைத் தணிப்பது வெறும் பெண் ஹார்மோனாக இருக்க முடியாது, உடம்பே தயாரிக்கும் வேறொன்று என்று கணக்குப் போட்டு, அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயர் வைத்தார். பித்த உப்பு முதற்கொண்டு என்னென்னவோ கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்திருந்த அட்ரினல் ஹார்மோனை 1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார்கள். நடக்கவே திண்டாடியவர் ஒரு வாரத்தில் கடைவீதிக்குப் போய்வந்தார். அதுதான் கார்ட்டிசோன். 1950இல் நோபல் பரிசு. ஹென்ச்சின் நோபல் உரையை இன்னும் படிக்கவில்லை என்றால், கைடை மூடிவைத்துவிட்டு அதைப் படி. வேடிக்கை என்னவென்றால், கர்ப்பத்தில் கார்ட்டிசால் கூடுவதை மட்டும் வைத்து இந்த நிவாரணத்தை விளக்கிவிட முடியவில்லை.

எனக்குப் பிடித்த விளக்கம் லீ நெல்சன் குழுவினர் 1993இல் சொன்னது. சிசுவின் திசு அடையாளங்களான ஹெச்.எல்.ஏ. டி.ஆர்., டி.க்யூ. வகைகள் தாயினுடையதிலிருந்து வேறுபட்டால் நோய் தணிகிறது என்றார்கள். நோய் தணிந்த 34 கர்ப்பங்களில் 26இல் அந்த வேறுபாடு இருந்தது. தணியாத 12இல் மூன்றில்தான். அந்நியமான ஒன்றை ஒன்பது மாதம் சகித்துக்கொள்ளப் பழகும்போது, உடம்பு தன் மூட்டுகளையும் சேர்த்துச் சகித்துக்கொள்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். பின்னால் வந்த ஓர் ஆய்வில் இது உறுதிப்படவில்லை என்று கான்ஃபரன்ஸில் யாராவது எழுந்து சொல்வார்கள். சொல்லட்டும். என் கேள்வி வேறு: மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுகிற நம் ஊரில், கணவன் மனைவிக்குள்ளேயே ஹெச்.எல்.ஏ. ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். அப்படியானால் பிள்ளையும் தாயை ஒத்திருக்கும், நிவாரணம் குறையுமா? உன் தீசிஸுக்குத் தலைப்புத் தேடி அலைகிறாயே, இதை எடுத்துக்கொள்ளேன்.

சரி, எத்தனை பேருக்குக் குறைகிறது? பழைய புத்தகங்கள் முக்கால்வாசிப் பேருக்கு என்று அள்ளிவிடும். நெதர்லாந்தின் ‘பாரா’ ஆய்வு 2008இல் அதை நிறுத்துப் பார்த்தது. நோய் ஓரளவேனும் மும்முரமாக இருந்தவர்களில் 48 சதவீதம் பேருக்குத்தான் கர்ப்பத்தில் தணிந்தது. பிரசவத்துக்குப் பின் 39 சதவீதம் பேருக்கு மறுபடி கிளம்பியது. ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபாக்டரும் ஆன்டி சி.சி.பி.யும் இல்லாதவர்களுக்கே பலன் அதிகம். லூபஸுக்கு இந்தச் சலுகையே கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பாதே.

முடக்குவாதம் முதன்முதலாகத் தலைகாட்டுவதும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் கூடுதல், முதல் பிரசவமானால் இன்னும் கவனம் வேண்டும். விடியற்காலையில் தூளியிலிருந்து பிள்ளையைத் தூக்க வராது, ஜாக்கெட் கொக்கி மாட்ட வராது. பத்து மணிக்கெல்லாம் கை சரியாகிவிடும். “பச்சை உடம்பு, தண்ணியில கை வெச்சா, வாயு” என்று வீடே தீர்ப்புச் சொல்லிவிடும். கணு மூட்டு தேய்ந்தபிறகு நம்மிடம் வருவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு மூட்டு வீங்கினால் வாயு என்று தைலம் எழுதிக்கொடுக்கும் டாக்டரை எனக்குக் கண்டாலே ஆகாது.

தாய்ப்பால் விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். முதல் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் நோய் தொடங்குவது கூடுதல் என்று 1994இல் ஓர் ஆங்கிலேய ஆய்வு சொன்னது. மொத்தமாக ஓராண்டுக்கு மேல் கொடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் நோய் குறைவு என்று 2004இல் அமெரிக்க நர்ஸுகள் ஆய்வு சொன்னது. இதை வைத்துக்கொண்டு யாரையும் பாலை நிறுத்தச் சொல்லாதே.

இனி வேலைக்கு வா. மெத்தோட்ரெக்ஸேட் சிசுவுக்கு ஆகாது. கருத்தரிக்க ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும். லெஃப்ளுனோமைடு உடம்பில் நெடுநாள் தங்கும். கொலெஸ்டிரமின் கொடுத்து வெளியேற்ற வேண்டும். ஸல்ஃபாசலசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் தொடரலாம். நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பதே நல்லது. கேஸ் ஷீட்டில் ‘திருமணமானவர்’ என்று எழுதி நிறுத்திவிடாமல், கடைசிப் பிரசவம் எப்போது, அடுத்த பிள்ளை எப்போது வேண்டும் என்று கேட்டு எழுது. மருந்துச் சீட்டில் கை வைக்கும் முன்பே கேள்.

அன்புடன்,
உன் சார்