முதலில் ஃபைல்களைக் காப்பாற்று

அன்புள்ள யாழினி,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிக் காலத்திலிருந்து நீ படம் வரைந்துவரும் மென்பொருளை இனிப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அதைச் செய்தவர்கள் அறிவித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். "இதற்குப் போய் யாராவது அழுவார்களா, வேறொன்றைப் போட்டுக்கொள்ளேன்" என்கிறார்களாம் வீட்டில். அழலாம், தப்பில்லை. எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று யோசிக்காமல் கை தானாகப் போகிற பழக்கம் ஒரே நாளில் வந்ததா? அது உன் உழைப்பு. பறிகொடுத்தால் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் அறிவிப்பு வந்த அன்றே மென்பொருள் நின்றுவிடுவதில்லை. அபெர்ச்சர் என்ற புகைப்பட மென்பொருளைக் கைவிடுவதாக ஆப்பிள் 2014 ஜூனில் சொன்னது. 2015இல் விற்பனையை நிறுத்தியது. 2019இல் வந்த கேட்டலினா இயங்குதளத்தில்தான் அது திறக்காமல் போனது. இடையில் ஐந்து ஆண்டுகள். பெரும்பாலும் இப்படித்தான், கணினியில் அடுத்தடுத்து வரும் அப்டேட்தான் பழைய மென்பொருளை முடக்குகிறது. விதிவிலக்கும் உண்டு. ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அது எதையும் ஓட்ட மறுத்தது. செய்தவர்களே அப்படி அமைத்திருந்தார்கள். உன்னுடையது எந்த வகை என்று பார். ஒரே தடவை காசு கொடுத்து வாங்கியதா, மாதச் சந்தாவா? சந்தா என்றால் கடைசி நாளைக் குறித்துவை. அதன்பின் உன் படத்தை உன்னாலேயே திறக்க முடியாமல் போகலாம்.

எங்கள் டிடிபி தொழிலில் நடந்ததைச் சொன்னால் உனக்கு விளங்கும். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், 1994இல் அடோபியின் கைக்குப் போனது. 2001இல் வந்த ஏழாம் பதிப்பே கடைசி. 2004இல் அதை மேம்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். நம் ஊர் அச்சகங்களோ அதற்குப் பிறகும் வெகுகாலம் அதிலேயே புத்தகங்களை வடிவமைத்தன. அதை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு மாற்றாக வந்த இன்டிசைனில் யூனிகோடு தமிழ் நெடுநாள் சரியாக அமையவில்லை. கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. வேலை நடக்கிற இடத்தில்தானே இருப்பார்கள்?

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. எது எங்கே என்பது ஆளுக்கொரு முறை. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் ஒரு முழு நாவல் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பிடிஎஃப் எடுத்து வைத்தவர்களாவது தப்பித்தார்களா என்றால், பாதிதான். பக்கம் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும். ஒரு பத்தியைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டினால் அதே குவியல்தான் வரும். தேட முடியாது, மின்னூலாக்க முடியாது. எந்த ஃபான்ட் என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றி, வரிவரியாக மெய்ப்புப் பார்க்கலாம். தெரியாவிட்டால் அச்சான பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியதுதான். எத்தனையோ நல்ல தமிழ் நூல்கள் இன்னும் அந்த நிலையில்தான் கிடக்கின்றன. பேஜ்மேக்கர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே உள்ளே இருக்கும் எழுத்தை வெளியே எடுத்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

அதனால் உன் படம் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக எடுத்துவை. அது எப்படித் தெரிகிறது என்பதற்கு முழு அளவில் ஒரு பிஎன்ஜி. அது எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு, லேயர் கலையாமல் ஒரு பிஎஸ்டி. கோட்டுச் சித்திரம் என்றால் எஸ்விஜி. எக்ஸ்போர்ட் முடிந்தது என்று திரையில் வருவதை நம்பிவிடாதே. வேறொரு மென்பொருளில் திறந்து பார். லேயர்கள் ஒட்டிப்போயிருக்கலாம், நிழல் காணாமல் போயிருக்கலாம். பயன்படுத்திய ஃபான்ட், பிரஷ், இன்ஸ்டாலர், சீரியல் எண் எல்லாவற்றையும் கூடவே வை. மென்பொருள் இருக்கும் கணினியை அப்டேட் செய்யாமல், இணையத்தில் சேர்க்காமல் தனியே வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கையெழுத்து இயக்கத்தில் சேரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துச் சேர். ஃப்ரீஹேண்ட் வரைகலை மென்பொருளை அடோபி 2007இல் நிறுத்தியபோது, அதை நேசித்தவர்கள் ஒன்றுதிரண்டு 2011இல் நீதிமன்றம் வரை போனார்கள். 2012இல் சமரசமானது, ஃப்ரீஹேண்ட் திரும்ப வரவில்லை. பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளின் கதை வேறு. அதை வைத்திருந்த நெதர்லாந்து நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. மூல நிரலை வெளியிட முதலீட்டாளர்கள் ஒரு லட்சம் யூரோ கேட்டார்கள். அதை உருவாக்கிய டான் ரோசெண்டால் பயனர்களிடம் கையேந்தினார்; ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 13 முதல் அது எல்லோருக்கும் சொந்தம். 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியாவின் 'ஃப்ளோ' அனிமேஷன் படம் பிளெண்டரில் செய்ததுதான். உங்கள் இயக்கம் மூல நிரலைக் கேட்டால் கையெழுத்துப் போடு, நண்பர்களையும் கூப்பிடு. "நிறுத்தாதீர்கள்" என்று மட்டும் கேட்டால், கையெழுத்துப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார். பதிலுக்காகக் காத்திருக்காதே.

புதிய மென்பொருள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். கையில் இருக்கும் படக்கதையைப் பழையதிலேயே முடி. நடுவில் மாறினால் இரண்டும் கெடும். அடுத்த நெடும்பணியை மட்டும் பழையதில் தொடங்காதே. கிருத்தாவிலோ இங்க்ஸ்கேப்பிலோ ஒரு சின்னப் படத்தை முழுதாகச் செய்து பார். பழையதைப் போலவே இருக்கிறதா என்று தேடாதே, இருக்காது. ஃபைலை வெளியே எடுக்க விடுகிறதா என்று பார். அந்த வசதி இல்லாத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை.

இந்த வாரம் வேறெதுவும் செய்யவேண்டாம், ஃபைல்களை எடு. பள்ளிக் காலத்துப் படங்களிலிருந்து தொடங்கு, பழைய பதிப்பில் சேமித்தவைதான் முதலில் தகராறு செய்யும். எது திறக்கவில்லையோ அதை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
சித்தப்பா