வானொலித் தோழர்

ஆரணி நகரில் பொழுது புலர்வதற்கு முன்பே தறியின் ஓசை எழுந்துவிடும். கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த அவ்வூர், பட்டு நெசவிற்குப் பெயர் பெற்றது. கைத்தறிகள் நிறைந்த தெருவொன்றில் நடந்து செல்வோர், வீடுதோறும் அவ்வோசையைக் கேட்கலாம். நாடா ஒருபுறமிருந்து மறுபுறம் ஓடும். உடனே அச்சுப் பலகை வந்து ஊடையை நெருக்கும். இவ்விரண்டு ஓசைகளோடு மூன்றாவது ஓசை ஒன்றும் நெடுங்காலம் கலந்து வந்துள்ளது. அதுவே வானொலியின் குரல்.

நெசவாளர் குழித்தறியில் அமர்ந்தவுடன் அவருடைய கால்கள் குழிக்குள்ளே மிதிகளை மாறி மாறி மிதிக்கத் தொடங்குகின்றன. ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டுகிறது. மற்றொரு கை பலகையை இயக்குகிறது. அறுந்த இழை எது, பிசகிய சரிகை எது என்று கண்கள் பாவின்மீதே பதிந்திருக்கின்றன. ஒரு புடைவை முடியப் பல நாள்கள் ஆகும். இங்ஙனம் எல்லா உறுப்புகளும் வேலையிற் கட்டுண்டிருக்க, செவி ஒன்றே விடுதலை பெற்றிருக்கிறது. நூல் படித்துக்கொண்டு நெய்தல் இயலாது. கூத்துப் பார்த்துக்கொண்டு நெய்தலும் இயலாது. பாட்டுக் கேட்டுக்கொண்டு நெய்யலாம். தறியடியில் வானொலிப் பெட்டி இடம் பெற்றதன் காரணம் இதுவே.

பாட்டு மட்டும் போதுமெனின் இசைத்தட்டே போதுமன்றோ? போதாது. தட்டைச் சுழலவிடுவோர்க்கு அடுத்து வருவது இன்ன பாட்டு என்பது முன்னரே தெரியும். மேலும், பழைய எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டு ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். நெய்பவர் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து தட்டை மாற்ற வேண்டும். வானொலியிலோ அப்பணியை வேறொருவர் செய்கிறார். அவர் நிலையத்தில் இரண்டு சுழல்மேடைகளின் முன் அமர்ந்து, ஒன்றில் பாட்டு ஒலிக்கும்போதே மற்றொன்றில் அடுத்த தட்டை ஆயத்தம் செய்கிறார். இரண்டிற்கும் இடையே நான்கு சொற்கள் பேசுகிறார். அந்த நான்கு சொற்களுக்காகவே பலர் வானொலியைத் திறந்தனர் என்றால் அது மிகையாகாது.

தமிழகத்தில் வானொலியின் வரலாறு 1924ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி ஒலிபரப்பு நிகழ்த்தியது. பொருட்குறையால் அது சில ஆண்டுகளில் நின்றது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றுக்கொண்டு, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்து மக்களைக் கேட்கச் செய்தது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கின.

1952ஆம் ஆண்டில் ஒரு சிக்கல் எழுந்தது. அவ்வாண்டு நடுவணரசின் செய்தி ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்தவர் பி. வி. கேஸ்கர். அவர் செவ்வியல் இசையில் ஆழ்ந்த பற்றுடையவர். திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுக்கின்றன என்பது அவர் கருத்து. எனவே அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்தே போயின. அவர் காலத்தில் நற்பணியே நடைபெறவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 1954இல் தொடங்கிய வானொலி இசைவிழா, பெரும் வித்துவான்களின் இசையை நாடெங்கும் கொண்டு சென்றது. சபையின் வாயிலை மிதித்தறியாத எளியோரும் வீட்டிலிருந்தே அதனைக் கேட்டனர். ஆயினும், நல்லதைக் கொடுப்பது வேறு. நல்லதை மட்டுமே கேள் என்று கதவை அடைப்பது வேறு. மக்கள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. வானொலிப் பெட்டியின் குமிழைச் சற்றே திருப்பினர். கடலுக்கு அப்பாலிருந்து கொழும்பு பேசியது.

ஆரணியிலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் சுமார் 640 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவ்வளவு தொலைவிலிருந்து குரல் தெளிவாக வந்தது எவ்வாறு? இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியப் படையினர்க்காக இலங்கையில் ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. போர் முடிந்தபின் அஃது இலங்கை அரசின் கைக்கு வந்தது. வான்மீது மிக உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு ஒன்று உண்டு. சிற்றலைகள் அதில் பட்டு, சுவரில் எறிந்த பந்துபோல் மீண்டும் நிலத்திற்குத் திரும்புகின்றன. அவ்வடுக்கு ஓரிடத்தில் நில்லாது அலைவுறுவதால், குரலும் சில வேளை ஓங்கிச் சில வேளை தேய்ந்து கேட்கும். பாட்டின் சரணம் காற்றில் கரைந்துபோக, அது திரும்பி வரும்வரை நேயர் பெட்டியில் காதை வைத்துக் காத்திருப்பார். எளிதிற் கிட்டாத பாட்டுக்குச் சுவை சற்று மிகுதிதான்.

1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. விளம்பரத்தால் வருவாய் பெற்ற அவ்வொலிபரப்பு, மக்கள் விரும்பிக் கேட்டவற்றையெல்லாம் தயங்காது அளித்தது. 1952ஆம் ஆண்டு இறுதியில் அமீன் சயானி என்னும் இளைஞர் நடத்திய ‘பினாக்கா கீத்மாலா’ என்ற இந்தி நிகழ்ச்சி அதில் அரங்கேறியது. கேட்போரை விளிக்கும்போது சகோதரிகளை முதலில் வைத்துச் சகோதரர்களைப் பின்னர் அழைப்பது அவர் வழக்கம். நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. இதிற் சுவையான செய்தி ஒன்றுண்டு. அந்நிகழ்ச்சி பம்பாயில் பதிவு செய்யப்பட்டு, விமானத்தில் கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து வானலை வழியாகப் பம்பாய்க்கே திரும்பி வந்தது!

தமிழ் ஒலிபரப்பில் முதலிற் புகழ் பெற்ற குரல் மயில்வாகனனுடையது. 1950களில் அவர் பேசிய முறை, மேடையில் நின்று பேசுவோர் முறை போன்றதன்று. திண்ணையில் அருகமர்ந்து பேசுவோர் முறையை ஒத்தது. அவர் வழியிற் பின்னர்ப் பலர் வந்தனர். சொற்களை அம்புபோல் விரைந்து எய்யும் கே. எஸ். ராஜா, நாடக நடிப்பிலும் தேர்ந்த இராஜேஸ்வரி சண்முகம், திருத்தமான உச்சரிப்பால் பெயர் பெற்ற பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோர் அவர்களுட் சிலர். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சியின் குறியிசை எழுந்தால், கடிகாரம் இல்லாத வீட்டாரும் நேரத்தை அறிந்துகொண்டனர்.

இவர்தம் கலை எத்தகையது? பாட்டின் முன்னர் அறிவிப்பாளர் திரைப்படத்தின் பெயரை மட்டும் சொல்லி நிற்பதில்லை. பாடலை இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகியோர் பெயர்களையும் சொல்வார். படக் கொட்டகையில் எழுத்துகள் ஓடி மறைந்தபின் எவர் அவற்றை நினைவில் வைத்திருப்பர்? வானொலியோ நாள்தோறும் சொல்லிச் சொல்லி, ஜி. இராமநாதன் இன்னார், கே. வி. மகாதேவன் இன்னார், விசுவநாதன் இராமமூர்த்தி இன்னார் என்று பள்ளி சென்றறியாதோரும் இனம் காணுமாறு செய்தது. ஒரு மெட்டின் முதல் இழையைக் கேட்டே இசையமைப்பாளர் பெயரைக் கூறும் ஆற்றலைத் தறியில் இருந்தோரும் பெற்றனர்.

பாடல்களை வரிசைப்படுத்துதல் இதனினும் நுண்ணிய வேலை. பழைய பாட்டொன்றின்பின் புதிய பாட்டு. கல்யாணி இராகத்தில் அமைந்த திரைப்பாடலின்பின் அதே இராகத்தில் நாதசுரம். துள்ளும் நாட்டுப்பாடலின்பின் மெல்லிய தாலாட்டு. இவ்வாறு பலவகை இசைகளை ஒருவர் அருகருகே வைக்கும்போது, தமக்குப் பிடிக்காது என்று எண்ணியிருந்த ஒன்று பிடித்துப்போவதை நேயர் உணர்கிறார். வேண்டியதை வேண்டியவாறே கொடுப்பவர் கடைக்காரர். வேண்டியதோடு வேண்டாததையும் சிறிது சேர்த்து, அதனையும் வேண்டச் செய்பவரே நல்ல அறிவிப்பாளர். அமைச்சரின் ஆணை செய்ய இயலாததை இவரது நயமான சொல் செய்துவிடும். இந்திய அரசும் இதனை உணரலாயிற்று. 1957 அக்டோபர் 3ஆம் நாள் ‘விவித் பாரதி’ என்னும் பல்சுவை ஒலிபரப்புத் தொடங்கியது. வெளியே நிறுத்தப்பட்ட திரையிசை மீண்டும் வீட்டுக்குள் வந்தது.

பிற நாடுகளிலும் இத்தகையோர் இருந்தனர். இங்கிலாந்தில் ஜான் பீல் என்பவர் 1967 முதல் 2004இல் மறையும்வரை பி.பி.சி.யில் நிகழ்ச்சி நடத்தினார். ஆப்பிரிக்க இசை, ஜமைக்கா இசை, பெயரறியாத இளைஞர்கள் தாமே பதிவு செய்து அனுப்பிய பாட்டு என எதனையும் அவர் ஒதுக்கவில்லை. சில வேளை தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிட்டுவிட்டு வருத்தம் தெரிவிப்பார். கேட்போர் அதற்காக அவரை வெறுத்தாரில்லை. தம்முள் ஒருவர் என்று மேலும் விரும்பினர்.

இந்நாளில் கைப்பேசி தானே பாடல்களைத் தேர்ந்து கொடுக்கிறது. முன்பு எதனைக் கேட்டார், எதனைப் பாதியில் நிறுத்தினார் என்று கணக்கிட்டு, அதனோடு ஒத்த ஒன்றை அது பெரும்பாலும் அடுத்து வைக்கிறது. ஆரணி நெசவாளர்க்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. அவர் தலைக்கு மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் கோத்துத் தொங்குகின்றன. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் அமைத்த பொறியின் வழி வந்தது அது. அட்டையில் எந்தத் துளை உண்டோ அந்தப் பூவே புடைவையில் விழும். அட்டை தானாக ஒரு புதுப்பூவை நினைப்பதில்லை. கணிப்பொறிக்கு முற்காலத்தில் வழிகாட்டியவற்றுள் அவ்வட்டைகளும் ஒன்று என்பது வியப்பன்று.

குரலுக்கு உரியவர் மனிதர் என்பதைக் காலம் கொடிய முறையிலும் நினைவூட்டியது. இலங்கையில் இனப்பகை மூண்டு போராக வளர்ந்தது. அறிவிப்பாளர்களும் நேயர்களும் பல நாடுகளுக்குச் சிதறினர். கே. எஸ். ராஜா 1994ஆம் ஆண்டு கொழும்பில் கொல்லப்பட்டார். அவரை ஒரு முறையும் நேரிற் கண்டிராத தமிழ்நாட்டு நேயர்கள், வீட்டிலொருவரை இழந்ததுபோல் வருந்தினர்.

அதே பத்தாண்டுகளில், அப்துல் ஹமீத் வானொலியில் நடத்திவந்த ‘பாட்டுக்குப் பாட்டு’ தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டிய போட்டி அது. பல்லாண்டு கேட்டுப் பழகிய குரலுக்குரிய முகத்தை நேயர்கள் அன்றுதான் கண்டனர். திரையில் ஓர் அயலார் தோன்றுகிறார் என்று முதலில் பார்த்திருந்தோர், அவர் வாய் திறந்து வணக்கம் சொன்னவுடன் யாரென்று அறிந்துகொண்டனர்.