எலுமிச்சைப்புல் தைலமும் தோற் பாதுகாப்பும்

நம் நாட்டில் வடிக்கப்படும் வாசனைத் தைலங்களுள் எலுமிச்சைப்புல் தைலம் முக்கியமானதொன்றாகும். கேரளத்து மலைச்சரிவுகளில் விளையும் இப்புல்லின் தைலம், கொச்சித் துறைமுகத்தின் வழியே ஏற்றுமதியானமையால் உலகச் சந்தையில் 'கொச்சித் தைலம்' எனப் பெயர் பெற்றது. இப்பயிரை ஆராய்வதற்கென 1951-ஆம் ஆண்டில் கேரளத்தின் ஓடக்காலியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது.

சோப்பு முதலிய பொருள்களுக்கு மணமூட்டப் பயன்படும் இத்தைலத்தை இன்று பலர் நேராகவே உடலில் பூசிக்கொள்கின்றனர். தாவரத்திலிருந்து கிடைப்பது தீங்கு செய்யாது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இத்தைலத்தின் இயைபே விளக்கும்.

தைலத்தில் சுமார் 70 முதல் 80 சதவீதம் வரை சிட்ரால் என்னும் பொருள் உள்ளது. மணத்துக்கும் விலை மதிப்புக்கும் அதுவே காரணம். சிட்ரால் ஆல்டிஹைடு வகையைச் சேர்ந்தது; ஆகவே தோலிலுள்ள புரதங்களுடன் எளிதில் கூடும். அவ்வாறு மாறிய புரதத்தை உடலின் தற்காப்பு அமைப்பு அந்நியப் பொருளாகக் கருதக்கூடும். அதன்பின் மிகச் சிறிதளவு பட்டாலும் அரிப்பும், சிவப்பும், கொப்புளமும் தோன்றும். இவ்வொவ்வாமை ஒருமுறை ஏற்பட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும்; பின்னர் சிட்ரால் கலந்த சோப்பும் வாசனைத் திரவியமும்கூடத் தொல்லை தரலாம். இது கருதியே, அழகுப் பொருள்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சிட்ரால் இருப்பின் அதன் பெயரை உறைமீது அச்சிட வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2003-ஆம் ஆண்டில் விதித்தது.

எனவே தைலத்தைத் தனியே தோலில் பூசுதல் கூடாது. 100 மில்லிலிட்டர் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் அரை மில்லிலிட்டர் தைலத்தை மட்டும் கலத்தல் வேண்டும். இது அரை சதவீதக் கலவையாகும். சொட்டின் பருமன் புட்டிக்குப் புட்டி வேறுபடுமாதலால், அளவுக்கோடிட்ட குழலால் அளப்பதே சிறந்தது. தைலம் நீரில் கரையாது. குளிக்கும் நீரில் ஊற்றினால், மேலே மிதந்து செறிந்த நிலையிலேயே தோலில் ஒட்டும்.

கலவையை உபயோகிக்குமுன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுள்ள இடத்தில் நாள்தோறும் இருமுறை, ஒரு வாரம் தடவிப் பார்த்தல் நலம். ஒவ்வாமை உடனே தோன்றாமல் இரண்டு மூன்று நாட்கள் கழித்தும் வெளிப்படலாம் என்பது கவனிக்கத்தக்கது. அரிப்போ சிவப்போ கண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். படை, புண், வெடிப்பு உள்ள இடங்களிலும், கண்ணருகிலும், குழந்தைகளின் உடலிலும் பூசலாகாது. கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். தைலம் கண்ணிற் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லவேண்டும்.

காற்றும் ஒளியும் வெப்பமும் தைலத்தின் இயைபை மாற்றுகின்றன. பழைய தைலம் தோலை அதிகமாக உறுத்தக்கூடும். ஆகையால் கருநிறப் புட்டியில் நன்கு மூடி, குளிர்ந்த இடத்தில், குழந்தைகளின் கைக்கெட்டாதவாறு வைத்தல் அவசியம். திறந்த நாளைப் புட்டியின்மேல் எழுதி ஒட்டிவைப்பின், பழையதை அறிந்து நீக்குவது எளிதாகும்.