நடுக்கள வீரர் கற்பிக்கும் பாடம்

உதைபந்தாட்டத்திற் கோல் பெற்றவர் பெயரே ஊரெங்கும் பேசப்படும். பந்தை அவர் காலடியிற் சேர்த்த நடுக்கள வீரரை நினைப்பார் சிலரே. நாதசுரத்திற்குத் தவில் துணைநிற்கும் அருமையை இணுவிலார் நாம் நன்கறிவோம். தவிற்காரர் காலப்பிரமாணத்தைக் காப்பதுபோல, நடுக்கள வீரர் ஆட்டத்தின் வேகத்தைக் காக்கிறார். எதிரணியிடம் பந்தைப் பறித்து, உரியவர்க்கு உரிய கணத்தில் வழங்குகிறார்.

இதற்குத் தக்க சான்று ஸ்பெயின் நாட்டு ஆன்ட்ரேஸ் இனியெஸ்டா. 1984 இற் சிற்றூரொன்றிற் பிறந்த இவர், 12 வயதிற் பார்சலோனாக் கழகத்தின் பயிற்சி விடுதியை அடைந்தார். பெற்றோரைப் பிரிந்த துயரால் ஆங்கு அழுதார். ஆயினும் பயிற்சியைக் கைவிட்டாரல்லர். 2002 முதல் 2018 வரை அக்கழகத்திற்காக 674 ஆட்டங்கள் ஆடினார். பெற்ற கோல்கள் 57 மட்டுமே. கோலை மட்டும் எண்ணுவோர்க்கு இது சிறிதாகத் தோன்றும். உடன் ஆடியோரோ இவர் அருமையை அறிந்திருந்தனர்.

2010 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், நெதர்லாந்துக்கு எதிராக, 116ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோலை இவரே பெற்றார். உடனே மேற்சட்டையைக் களைந்தார். உட்சட்டையில், முந்திய ஆண்டு இதயக் கோளாறால் இறந்த நண்பர் டானி ஹார்க்கேயின் பெயர் இருந்தது. அந்நண்பரோ போட்டிக் கழகமான எஸ்பான்யோலின் அணித்தலைவர்! சட்டை களைந்தமைக்காக நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். பந்தைப் பிறர்க்கு வழங்கியே பழகியவர், தம் வாழ்வின் உயர்ந்த கணத்தையும் பிறர்க்கே வழங்கினார்.

பின்னர் யப்பானிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் ஆடி, 2024 ஒக்டோபரில் ஓய்வு பெற்றார்.

மாணவர்காள்! அடுத்த ஆட்டத்திற் பந்தின் பின்னே கண்ணை ஓடவிடாது, நடுக்களத்தில் நிற்பவரைச் சிறிது நோக்குங்கள். ஆட்டம் அங்கேதான் பிறக்கிறது.