பழங்கருவியின் மெருகும் ஒட்டுநாடாப் பசையும்

நம் கல்லூரிச் செபாலயத்துப் பாடகர் குழுவிற்குப் பழைய வயலின் ஒன்று உண்டு. முன்னாள் மாணவர் ஒருவர் அன்புடன் அளித்துச் சென்ற கருவி அது. கிறிஸ்து பிறப்புவிழாக் கீதவழிபாட்டின்போது, ஒலிவாங்கியின் கம்பியை அதன் மேற்பலகையில் ஒட்டுநாடா கொண்டு நான்கு இடங்களில் பிணித்தோம். விழா முடிந்தபின் கம்பியைக் கழற்றினோம், நாடாவை மறந்தோம். பல திங்கள் கழிந்து உரித்தபோது நாடா வந்தது, பசை வரவில்லை. தூசு படிந்து கறுத்து நின்ற அப்பசையைப் போக்க விரும்பி, யாம் சிறிதும் ஆராயாது, கைகளில் தடவும் சானிடைசரைப் பஞ்சில் தோய்த்து ஓரிடத்தைத் துடைத்தோம். பாடகர் குழு ஆசிரியர் வந்து நோக்கினார். "தம்பிமாரே, பசை இருந்த இடத்திலேயே இருக்கிறது, மெருகுதான் போய்விட்டது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காசளவு வெளுத்து நின்ற மரத்தைக் கண்டு யாம் நாணினோம். அந்நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பசை ஏன் போகவில்லை, மெருகு ஏன் போயிற்று? ஒவ்வொரு பொருளும் தன் இயல்பை ஒத்த நீர்மத்திலேயே எளிதிற் கரையும். பழைய வயலின்கள் பலவற்றின் மெருகு அரக்கினால் ஆயது, அல்லது அரக்குக் கலந்தது. பாண்டவர்க்கென மாளிகை எடுத்ததாகப் பாரதம் கூறும் அதே அரக்குத்தான். மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அப்பொருளைத் தூய்மை செய்து, சாராவியில் கரைத்துப் பூசுவர். சாராவி உலர்ந்தபின் அரக்கு மட்டும் மெல்லிய படலமாய் மரத்தின்மேல் நிற்கும். நூறாண்டு சென்ற பின்னும், மீண்டும் சாராவி பட்டால் அப்படலம் இளகிக் கரையும். சானிடைசரில் பெரும்பங்கு சாராவியே. நாடாவின் பசையோ பெரும்பாலும் இரப்பரும் பிசினும் கலந்தது. அது சாராவியில் குழையுமேயன்றி நன்கு கரையாது. பெட்ரோலிய நெய்களில் கரையும். ஆகவே யாம் போக்க வேண்டுவதைக் காப்பதும், காக்க வேண்டுவதைப் போக்குவதுமாகிய மருந்தைத் தேர்ந்தெடுத்தோம்.

இந்நோய் பழங்கருவிகளுக்குப் புதியது. அமெரிக்காவில் ரிச்சர்ட் துரூ என்பார் வண்ணம் பூசுவோர்க்கான ஒட்டுநாடாவை 1925-இலும், ஒளி ஊடுருவும் செலோபேன் நாடாவை 1930-இலும் உருவாக்கினார். அதற்கு முற்பட்ட கருவிகளைச் செய்த கைவினைஞர் இத்தகைய பசையைக் கனவிலும் கருதியிரார்.

இசைக்கருவிகளைச் செப்பனிடும் முதியவர் ஒருவரை அடுத்து, எஞ்சிய மூன்று இடங்களையும் பழுதின்றித் தூய்மை செய்யக் கற்றோம். அம்முறை வருமாறு:

முதலாவது, நோக்குதல். பகலொளியில் கருவியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மெருகு செதிளாய் எழும்பியோ வெடித்தோ இருப்பின் கை வைத்தலாகாது. கைவினைஞரிடம் ஒப்புவித்தலே அறம்.

இரண்டாவது, நாடாவை உரித்தல். நாடா இன்னும் ஒட்டியிருப்பின் வெடுக்கென்று இழுத்தல் கூடாது. கைச்சூட்டினால் சற்று இளக்கி, நாடாவைத் தன்மேலேயே மடித்து, பலகையோடு படியுமாறு, மரத்தின் இழைவழியே மெல்ல இழுக்க வேண்டும். மிகுந்த வெப்பம் அரக்கையும் இளக்குமாதலின் நெருப்போ சூடான பெட்டியோ வேண்டா.

மூன்றாவது, விரலால் உருட்டுதல். தடித்த பசையை விரல்நுனியால் மெல்லத் தேய்க்க, அது சிறு உருண்டையாய்த் திரளும். அவ்வுருண்டையைக் கொண்டே மற்றப் பசையை ஒற்றி எடுக்கலாம். நகமும் கத்தியும் ஆகா.

நான்காவது, சோதித்தல். எஞ்சியதைப் போக்க நாப்தா என்னும் இலேசான பெட்ரோலிய நெய் உதவும். சிகரெட் லைட்டர்களில் இடும் நெய் பெரும்பாலும் இவ்வகையினதே. முன்னதாக முகவாய்த் தாங்கியைக் கழற்றி, அதன் அடியில் மறைந்த ஓரிடத்தில் ஒரு துளி தோய்ந்த பஞ்சால் தொட்டுப் பார்க்க வேண்டும். பஞ்சில் மெருகின் நிறம் ஏறினாலும், அவ்விடம் பிசுபிசுத்தாலும் அங்கேயே நிறுத்துக. பழங்கைவினைஞர் பலவகைப் பிசின்களைக் கலந்து மெருகு செய்தனராதலின், எந்நெய்யும் எல்லா மெருகிற்கும் தீங்கற்றது என்று துணிதல் இயலாது.

ஐந்தாவது, துடைத்தல். பஞ்சு ஈரமாய் இருத்தல் வேண்டும்; சொட்டுதல் கூடாது. அழுத்தாது இருமுறை மும்முறை துடைத்து, பஞ்சை மாற்றி, உலரவிட்டு மீண்டும் தொடங்குக. வெடிப்புகளிலும் ஒலித்துளைகளிலும் நெய் புகலாகாது. நாப்தா எளிதில் தீப்பற்றுமாதலின், விளக்கும் அடுப்பும் இல்லாத திறந்த வெளியிலேயே இதனைச் செய்க. நனைந்த பஞ்சையும் வெளியிலேயே உலர்த்துக.

விலக்க வேண்டுவனவும் சில உள. வண்டிக்கு இடும் பெட்ரோலும் பெட்ரோலிய நெய்தானே என்று எண்ணுதல் பிழை. இந்நாளில் நம் நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராவி கலந்துள்ளது. தேங்காயெண்ணெய் பசையை இளக்கும்; ஆயினும் வெடிப்பின்வழி மரத்துள் ஊறி, பின்னர் இடும் வச்சிரமும் மெருகும் பற்றாதவாறு செய்யும். நீலகிரித் தைலம் சில மெருகுகளையும் இளக்க வல்லது. பழைய அமெரிக்கக் கிதார்கள் பலவற்றில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் மெருகினை, நகச்சாயம் போக்கும் அசிட்டோன் கரைத்துவிடும்.

பசை நீங்கிய பின் அவ்விடம் சுற்றுப்புறத்தினும் வேறு நிறமாய்த் தோன்றலாம். நாடாவின் அடியில் ஒளி படாமையால் ஆகிய வேறுபாடு அது; அழுக்கன்று. அதனைத் தேய்த்துப் போக்க முயல்வோர் மெருகையே இழப்பர்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாடச் சொன்னார். மத்தேயு சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்து உவமையில், களையைப் பிடுங்க விரைந்த ஊழியரை, கோதுமையும் வேரோடு வந்துவிடுமே என்று அஞ்சி நிலத்தலைவன் தடுத்தான். இவ்விரண்டையும் யாம் தேர்வுக்கெனப் பலமுறை படித்திருந்தோம். பஞ்சைக் கையில் எடுத்தபோது இரண்டும் நினைவுக்கு வரவில்லை.

வயலினில் அக்காசளவு இடம் இன்னும் வெளுத்தே இருக்கிறது. அதனைச் செப்பனிடுதல் தேர்ந்த கைக்கே உரியது என்று விட்டுவைத்திருக்கிறோம். இப்பொழுது எம் குழுவில் ஒலிவாங்கிக்குத் தனித் தாங்கி உண்டு. வயலின்மேல் எவரும் நாடா ஒட்டுவதில்லை. வீட்டில் மூதாதையர் கருவியை வைத்திருக்கும் அன்பர்கள், பசையைக் கண்டவுடன் பஞ்சைத் தேடாது, மெருகு யாதென முதலில் வினவுவாராக.