வேண்டாத கூடும் வேண்டிய தேனீயும்

வீட்டுச் சுவரிலோ, கிணற்றடி மரத்திலோ, வயலோரத்துப் புற்றிலோ தேனீக்கள் கூடு கட்டியிருப்பதைக் கண்டவுடன் பந்தங் கொளுத்தி அதனை எரித்துவிடுவது கமக்காரர் பலரின் வழக்கமாகும். பிள்ளைகளையும் மாடுகளையும் கொட்டிவிடுமென்னும் அச்சமே இதற்குக் காரணம். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும், கூட்டை எரித்த கமக்காரரே சில கிழமைகளின் பின் தமது பூசணிக் கொடியிற் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்வதைக் கண்டு, பசளை போதவில்லையோ என ஐயுறுவதுமுண்டு. வேண்டாத இடத்திலுள்ள கூட்டினால் வரும் ஆபத்தை நீக்குவதும், விளைச்சலுக்கு வேண்டிய தேனீயைக் காப்பதும் ஒருங்கே செய்யக்கூடியவை. அதற்கான வழிகள் இங்கு கூறப்படுகின்றன.

தேனீயும் விளைச்சலும்

பூசணி, பாகல், கெக்கரி முதலிய கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலர்கின்றன. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவை அடைந்தாலன்றிப் பிஞ்சு காயாகாது. இம்மகரந்தம் பாரமும் ஒட்டுந்தன்மையும் உடையதாதலின் காற்றினாற் பரவுவதில்லை. தேனீக்களும் அவை போன்ற பூச்சிகளுமே அதனைச் சுமந்து செல்கின்றன. பூசணிப்பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்கு முன்னரே வாடிவிடும். அச்சில மணி நேரத்துள் தேனீ வாராவிடின் அப்பூவினாற் பயனில்லை.

இதனை ஐயுறுவோர் தமது தோட்டத்திலேயே ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். மறுநாள் விரியவுள்ள பூசணிப் பெண் மொட்டுகள் மூன்றை முந்திய மாலையில் மெல்லிய துணிப்பையாற் கட்டி மூடுக. வேறு மூன்றை நூலால் அடையாளமிட்டு மூடாது விடுக. பூக்கள் வாடிய பின் பைகளை அகற்றி ஒரு கிழமை கவனித்து வருக. மூடியவை மஞ்சளித்து உதிரும். தேனீக்கள் வந்து சென்றவை பருக்கத் தொடங்கும்.

கத்தரிப்பூவின் மகரந்தப் பைகள் நுனியிலுள்ள சிறு துளைகளினூடாகவே மகரந்தத்தை வெளிவிடும். மரத்தைத் துளைத்து வாழும் கரிய பெருவண்டு போன்ற காட்டுத் தேனீயினங்கள் பூவைப் பற்றி அதிரச் செய்து அதனை உதிர்க்கின்றன. வெங்காயம், முள்ளங்கி ஆகியவற்றின் விதையுற்பத்திக்கும் பூச்சிகளின் உதவி இன்றியமையாதது. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் முக்காற் பங்குக்கு மேற்பட்டவை ஓரளவேனும் இத்தகைய உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையில் தங்கியுள்ளன என 2016 ஆம் ஆண்டில் நிறைவேறிய சர்வதேச மதிப்பீடொன்று எடுத்துக்காட்டியது.

நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. அது தன் மகரந்தத்தினாலேயே கருக்கொள்ளும். எனினும், நெற்கதிர் பூக்கும் முற்பகல் வேளையில் தேனீக்கள் மகரந்தம் சேகரிக்க வயலுக்கு வருகின்றன. ஆகையால் வயலிற் செய்யும் தவறு தோட்டத்தின் விளைச்சலைக் குறைத்தல் கூடும்.

கூட்டை இனங்காணல்

எதனையுஞ் செய்யுமுன் கூட்டிலிருப்பது எதுவெனத் தூரத்தில் நின்று அறிந்துகொள்ளல் வேண்டும். இலங்கையில் வாழும் தேனீக்களில் நான்கு வகைகளைக் கமக்காரர் அறிந்திருப்பது நன்று.

1. கொசுத்தேனீ: மிகச் சிறியது, கரு நிறமானது, கொடுக்கினாற் கொட்டாது. மரப்பொந்திலும் சுவர்த் துளையிலும் வாழும். கூட்டின் வாயிலில் பிசினாலான சிறு குழாய் காணப்படும்.

2. கொம்புத்தேனீ: செடியின் அல்லது புதரின் சிறு கிளையைச் சுற்றிக் கையகல வதை ஒன்றை மட்டும் கட்டும். தூண்டினாலன்றிக் கொட்டுவது அரிது.

3. இந்தியத் தேனீ: பெட்டியில் வளர்க்கப்படுவது இதுவே. மரப்பொந்து, சுவர், கைவிடப்பட்ட புற்று முதலிய இருண்ட இடங்களிற் பல வதைகளை அடுக்கடுக்காகக் கட்டும்.

4. பெருந்தேனீ: மலைத்தேனீ எனவும், சிங்களத்திற் பம்பரா எனவும் அழைக்கப்படுவது. உயர்ந்த மரக்கிளை, பாறை, கட்டடத்தின் மேற்றளம் ஆகியவற்றில் ஒரே பெரிய வதையை வெளிப்படையாகத் தொங்கவிடும். கூட்டமாகத் துரத்திக் கொட்டும், உயிராபத்து விளைவிக்கும்.

1681 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் றொபேட் நொக்ஸ் என்பவர் இத்தீவின் தேனீக்களை வகை பிரித்துக் கூறியுள்ளார். அவற்றுட் பம்பராவும் ஒன்று.

குளவி தேனீயன்று. காகிதம் போன்ற பொருளாற் கூடு கட்டும் குளவிகள் மெழுகு வதை கட்டுவதில்லை; தேன் சேர்ப்பதுமில்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் இரண்டையும் குளவி என்றே கூறுவதுண்டு. கொழுந்து பறிக்குந் தொழிலாளரைக் கொட்டுவன பலவேளைகளிற் பெருந்தேனீக்களாகவும் இருத்தல் கூடும்.

எரித்தலும் நஞ்சிடலும் ஏன் ஆகா?

பந்தத்தைக் கண்ட பெருந்தேனீ கலைந்து கொட்டத் தொடங்கின், பந்தம் பிடித்தவரை மட்டுமன்றி அயலில் உள்ளோரையும் தாக்கும். வரட்சிக் காலத்தில் அத்தீ காட்டுக்கும் பரவும்.

மண்ணெண்ணெயும் பூச்சிநாசினியும் ஊற்றுவது இதனினுந் தீதானது. இறந்த கூட்டிலுள்ள தேனை அயற்கூடுகளின் தேனீக்கள் வந்து எடுத்துச் செல்லும். ஒரு கூட்டுக்கு இட்ட நஞ்சு இவ்வாறு பல கூடுகளைச் சென்றடையும். அத்தேனைச் சிறுவர் எடுத்து உண்ணவும் கூடும். சுவரினுள் இறந்த கூடு அழுகி நாறும். தேன் உருகி வழிந்து எறும்பை வரவழைக்கும். மெழுகின் மணம் எஞ்சியிருப்பதால் மறு ஆண்டில் வேறொரு கூட்டம் அங்கேயே வந்து குடியேறும்.

அகற்ற வேண்டுமா?

கூடு இருக்கும் இடத்தில் ஆட்கள் நடமாடுவதில்லையாயின் அதனை அகற்ற வேண்டியதில்லை. கொசுத்தேனீயை எவ்விடத்தும் விட்டுவிடலாம். கொம்புத்தேனீ சில மாதங்களிற் கூட்டைவிட்டுச் செல்லும் இயல்புடையது; அதுவரை அக்கிளையை வெட்டாது விடுக. மரக்கிளையில் வதையின்றித் திரண்டு தொங்கும் தேனீக் கூட்டம் புதிய இருப்பிடம் தேடிச் செல்லும் வழியில் தங்கியிருப்பதாகும். சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில் அது தானே பறந்து செல்லும். அதன்மீது கல்லெறிதலும் நீர் பாய்ச்சுதலும் ஆகா.

இந்தியத் தேனீயைப் பெட்டிக்கு மாற்றுதல்

வீட்டுச் சுவரிலுள்ள இந்தியத் தேனீயே பெரும்பாலும் இடையூறாக இருப்பது. இதனைப் பெட்டிக்கு மாற்றினால் இடையூறு நீங்குவதுடன் தோட்டத்துக்குப் பயனுங் கிடைக்கும். பழக்கமுடையவர் ஒருவருடன் சேர்ந்தே இதனைச் செய்தல் வேண்டும். பூக்கள் நிறைந்த, மழையற்ற நாளொன்றின் மாலை வேளை ஏற்றது.

1. முகவலையும் நீண்ட கைச்சட்டையும் அணிக. கரு நிற உடையும் வாசனைத் தைலமும் தவிர்க்க.

2. தென்னஞ் சும்மாட்டைப் புகைத்து வாயிலில் மெதுவாகச் சிறிது புகை விடுக. மிகுந்த புகை தேனீக்களைக் கலங்கச் செய்யும்.

3. வாயிலை அகலமாக்கி வதைகளை ஒவ்வொன்றாக அடியோடு அறுத்தெடுக்க. தேன் மட்டுமுள்ள வதைகளை மூடிய பாத்திரத்தில் வேறாக வைக்க.

4. முட்டையும் புழுவுமுள்ள வதைகளைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, மேற்புறம் மேலாகவே இருக்குமாறு வாழைநாராற் கட்டுக. அவற்றைத் தலைகீழாகக் கட்டலாகாது.

5. பொந்தின் மூலையிற் குவியும் தேனீக்களைக் கையாலோ அகப்பையாலோ மெதுவாக அள்ளிப் பெட்டியில் இடுக. நீண்ட வயிற்றையுடைய இராணித் தேனீ பெட்டியினுள் சேர்ந்துவிட்டால் ஏனையவை தாமே பின்தொடரும். இராணி வெளியேறாதவாறு வாயிலிற் சில நாட்களுக்கு இராணித் தடுப்பைப் பொருத்துக.

6. இருட்டும்வரை பெட்டியை அவ்விடத்திலேயே வைத்து, எல்லாத் தேனீக்களும் உட்சென்ற பின் வாயிலைக் காற்றுப் புகும் வலையால் மூடி எடுத்துச் செல்க. குறைந்தது இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் வைத்தல் நன்று. அண்மையில் வைப்பின் அவை பழைய இடத்துக்கே திரும்பும். புதிய இடத்தில் வைத்ததும் வலையை நீக்குக.

7. பழைய பொந்திலுள்ள மெழுகைச் சுரண்டியெடுத்து, துளையைக் களிமண்ணால் அல்லது சீமெந்தினால் அடைத்துவிடுக.

பெட்டியை நிழலில், கால்கள் நீருள்ள கிண்ணங்களில் நிற்குமாறு வைத்தால் எறும்பு ஏறாது. பூக்கள் குறைந்த காலமாயின் சீனியும் நீரும் சம அளவாகக் கலந்த பாகைச் சில நாட்களுக்கு மாலையில் வைத்துக் கொடுக்க. தேனீப்பெட்டி, பயிற்சி ஆகியவை பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.

பெருந்தேனீக் கூடு

பெருந்தேனீக் கூட்டைக் கமக்காரர் தாமாகத் தொடலாகாது. இத்தேனீ மழையையும் பூக்காலத்தையும் தொடர்ந்து இடம்பெயர்வது; சில மாதங்களிற் கூட்டை வெறுமையாக விட்டுச் செல்லும். அதுவரை மரத்தின் கீழ் மாடு கட்டுவதையும், குப்பை எரிப்பதையும், இரைச்சலிடும் இயந்திரங்களை இயக்குவதையும் நிறுத்துக. வரும் வழியில் யாவரும் காணத்தக்க அறிவித்தலொன்றை நாட்டுக. தேன்பருந்து கூட்டைத் தாக்கும்போது தேனீக்கள் திடீரெனக் கலைந்து கீழே நிற்போரைக் கொட்டுவதுண்டு. அப்பறவை வட்டமிடக் கண்டால் உடனே அவ்விடத்தைவிட்டு விலகுக. பாடசாலை, வைத்தியசாலை போன்ற இடங்களில் கூடு இருப்பின், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு இரவில் அகற்றுவிக்க வேண்டும்.

கொட்டினாற் செய்ய வேண்டியவை

தேனீ கொட்டிய இடத்திலிருந்து எழும் மணம் ஏனைய தேனீக்களையும் கொட்டத் தூண்டும். ஆகவே கைகளை வீசிக்கொண்டு அங்கேயே நிற்கலாகாது. முகத்தை மூடிக்கொண்டு வீட்டினுள் அல்லது வாகனத்தினுள் ஓடிக் கதவை அடைத்துக்கொள்க. தோலிற் பதிந்துள்ள கொடுக்கைத் தாமதமின்றி நகத்தாற் சுரண்டி நீக்குக. அது பதிந்திருக்கும்வரை நஞ்சை உட்செலுத்திக்கொண்டேயிருக்கும். பின் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம்.

முகமும் தொண்டையும் வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவற்றில் எதுவுந் தோன்றினும், பல தேனீக்கள் கொட்டியிருப்பினும், நாட்டு வைத்தியம் பார்த்துக் காலங் கடத்தாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். முன்னர் இவ்வாறு பாதிக்கப்பட்ட ஒருவர் எக்கூட்டையும் அணுகலாகாது.

பூச்சிநாசினி தெளித்தல்

பந்தத்தினால் ஒரு கூடு அழியும். நண்பகலுக்கு முன் பூத்த பயிர்மீது தெளிக்கும் நஞ்சினாற் சுற்றுவட்டத்திலுள்ள கூடுகள் யாவும் நலிவுறும். இமிடாகுளோபிரிட், தயாமெதொட்சாம் முதலியவை பயிரின் உட்புகுந்து தேனிலும் மகரந்தத்திலும் சேரக்கூடியவை. இவற்றைத் திறந்தவெளிப் பயிர்களுக்கு இடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஆம் ஆண்டிலே தடை செய்தது. கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்வாராக.

1. பீடை உண்மையில் உள்ளதா, சேதம் விளைவிக்கும் அளவினதா எனப் பார்த்த பின்னரே தெளிக்க.

2. பூத்த பயிர்மீது பகலில் தெளிக்கலாகாது. தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிற்பொழுதே தக்க வேளை. நெற்கதிரை உறிஞ்சும் மூட்டுப்பூச்சி அதிகாலையிலும் மாலையிலுமே மிகுதியாக நடமாடும். ஆகையால் மாலையில் தெளிப்பது வயலுக்கும் நன்மையே.

3. தூளாகத் தூவும் நஞ்சைத் தவிர்க்க. மகரந்தத்துடன் அதனையும் தேனீ கூட்டுக்குக் கொண்டுசெல்லும்.

4. தெளிகருவி கழுவிய நீரை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றற்க. தேனீ அந்நீரையே குடிக்கின்றது.

5. அயலில் தேனீ வளர்ப்போருக்கு முந்திய நாளே அறிவிக்க.

6. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டவற்றை மட்டும், சுட்டுத்துண்டிற் கூறப்பட்ட அளவில் உபயோகிக்க.

வாழிடமும் நோயும்

பொந்துள்ள முதிர்ந்த மரங்களைத் தறித்தலும், வரம்புகளிலுள்ள பூண்டுகளை நஞ்சிட்டு முற்றாக அழித்தலும் தேனீயின் உறைவிடத்தையும் உணவையும் ஒருங்கே கெடுக்கின்றன. வரண்ட பகுதிகளிற் பாலை, வீரை, பனை, தென்னை ஆகியனவும், ஈரப் பகுதிகளில் இறப்பரும், மலைநாட்டில் யூக்கலிப்டசும் தேனீக்கு உணவளிப்பன. வேலியோரத்திற் சில பூமரங்களையும், பழைய மரக்கட்டை ஒன்றையும் விட்டுவைத்தல் கமக்காரருக்குச் செலவற்ற வேலையாகும்.

1991 ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிற் பரவிய பைப்புழு நோய் எனும் வைரசு நோயினால் இந்தியத் தேனீக் கூடுகள் பெருந்தொகையாக அழிந்தன. ஆகவே பிறநாட்டுத் தேனீயையோ, பழைய வதைகளையோ, பாவித்த பெட்டிகளையோ அனுமதியின்றிக் கொண்டுவரலாகாது. புழுக்கள் நீர் நிறைந்த பைபோலாகி இறந்திருக்கக் கண்டால் அக்கூட்டின் வதைகளை வேறு கூட்டுக்கு மாற்றாது, உடனே விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்க. விவசாயத் திணைக்களத்தின் 1920 எனும் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

கூட்டைக் கண்டவுடன் பந்தத்தை எடாது, அஃது எவ்வினமென முதலிற் பார்க்க. விடத்தக்கதை விட்டும், மாற்றத்தக்கதைப் பெட்டிக்கு மாற்றியும், ஆபத்தானதைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைத்தும் வந்தால், வீட்டிலுள்ளோருக்குத் தீங்கு நேராது. கொடியிற் பிஞ்சும் உதிராது.