பீன்ஸுக்கு அவ்வளவு போதும்

அன்பு மகன் முகிலனுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன்.  

பீன்ஸ் பொரியல் வைத்தால் நிறம் செத்துப்போகிறது, ருசியும் இல்லை, அதனால் சாம்பார் பொடியும் கரம் மசாலாவும் தூவித்தான் சாப்பிடுகிறேன் என்று போனில் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். வாயால் சொன்னால் காற்றோடு போகும். எழுதி அனுப்பினால் அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

நீ சொன்னதைக் கேட்டால், கோளாறு மசாலாவில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. காய் முழுகத் தண்ணீர் ஊற்றி, வேகவைத்து, வடித்து, பிறகு தாளிக்கிறாய். அது கொத்தவரங்காய்க்கு உரிய பக்குவம். கொத்தவரங்காயில் கசப்பு உண்டு, வடித்தால் போகும். பீன்ஸில் அப்படி எடுக்கவேண்டிய கசப்பு எதுவும் கிடையாது, இருப்பதெல்லாம் ஒரு இளந்தித்திப்புதான். அதைத்தான் நீ தொட்டியில் கொட்டிவிட்டு, மசாலாவைப் போட்டு ஈடுகட்டப் பார்க்கிறாய்.

பீன்ஸ் நம் மண்ணின் பழைய காய் இல்லை. பூர்விகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவும். கேரட், முட்டைக்கோஸோடு சேர்த்து ‘இங்கிலீஷ் காய்’ என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். திவசச் சமையலில் இன்றும் பல வீடுகளில் இதைச் சேர்ப்பதில்லை, அவரைக்காயும் வாழைக்காயும்தான். பின்னால் வந்த காய் என்பதால், பழைய காய்களுக்குச் செய்ததையே இதற்கும் செய்து பழகிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

இங்கே ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொடைக்கானல் மலையிலிருந்து பீன்ஸ் இறங்கும். ரிங் பீன்ஸ், முருங்கை பீன்ஸ் என்று ரகம் ரகமாக வரும். எந்த ரகமானாலும் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார். பட்டென்று முறிந்து, முறிந்த இடத்தில் ஈரம் கசிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் வாங்காதே. வெளியே விதை புடைத்துத் தெரிந்தால் முற்றல். அது குருமாவுக்கு ஆகும், பொரியலுக்கு ஆகாது. கழுவிவிட்டுத்தான் நறுக்க வேண்டும், நறுக்கிய பிறகு தண்ணீரில் போடக் கூடாது. இரண்டு முனையையும் கிள்ளும்போதே நார் வந்தால் உரித்துவிடு. பொடியாக, ஒரே அளவாக நறுக்கு. பெரிதும் சிறிதுமாக இருந்தால் ஒன்று குழையும்போது இன்னொன்று நறநறக்கும்.

கால் கிலோ காய்க்கு இரண்டு டீஸ்பூன் கடலை எண்ணெய் போதும். எண்ணெய் காய்ந்ததும் அரை டீஸ்பூன் கடுகு. அது வெடித்து ஓயும்வரை பொறு. வெடிக்காத கடுகு கசக்கும். பிறகு ஒரு டீஸ்பூன் உளுத்தம்பருப்பு. அது பொன்னிறத்தைத் தொடும்போது, சிவந்த பிறகு அல்ல, தொடும்போதே, கிள்ளிய மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, சிட்டிகைப் பெருங்காயம். உடனே காயைக் கொட்டிவிட வேண்டும். சட்டியின் சூட்டிலேயே பருப்பு மீதிச் சிவப்பு ஏறிவிடும். மிளகாய் கருகிவிட்டால் தயங்காமல் கொட்டிவிட்டு வேறு தாளி. அந்தக் காந்தல் வாசனையை எதைப் போட்டாலும் மறைக்க முடியாது.

காய் விழுந்ததும் மூடாதே. நான்கைந்து நிமிடம் திறந்தபடியே வதக்கு. காய்க்குள் இயல்பாகவே கொஞ்சம் அமிலம் இருக்கிறது. சூட்டில் அது வெளிப்பட்டு, பச்சையத்தில் இருக்கும் மெக்னீசியத்தைப் பிரித்துவிடும். நீ பார்த்த அந்தப் பழுப்பு அப்படி வந்ததுதான். திறந்து வைத்தால் அந்த அமிலத்தில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும். பிறகு உப்புப் போட்டு, தண்ணீரைக் கையால் தெளித்து, தட்டுப் போட்டு ஐந்தாறு நிமிடம் சிறு தீயில் விடு. உப்பைக் குறைத்தே போடு. பச்சையாகக் குவிந்து தெரியும் காய் வெந்ததும் சுருங்கும், உப்பு சுருங்காது.

குக்கர் வேண்டாம், ஒரு விசிலிலேயே குழைந்துவிடும். பச்சை நிற்கட்டும் என்று சிலர் சோடா உப்புப் போடுவார்கள். நிறம் நிற்கும்தான், ஆனால் காய் கொழகொழக்கும், பி1 வைட்டமினும் கெடும். புளியோ தக்காளியோ முதலில் சேர்த்தால் நிறமும் போகும், காய் வேகவும் அடம்பிடிக்கும். புளிப்பு பிடிக்குமென்றால் இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்துகொள். நறுக்கென்று இருக்க வேண்டும் என்று அரைவேக்காட்டிலும் எடுக்காதே. பச்சை பீன்ஸில் லெக்டின் என்று ஒன்று இருக்கிறது, வயிற்றைக் கெடுக்கும். நன்றாக வெந்தால்தான் அது அழியும். கடித்தால் பல்லுக்குத் தெரியவேண்டும், பச்சை வாசனை மட்டும் இருக்கக் கூடாது.

அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு கைப்பிடி தேங்காய்த் துருவலைப் போட்டுக் கிளறினால் முடிந்தது. நாகர்கோவில் பக்கம் தேங்காயோடு சீரகம், பச்சை மிளகாய் வைத்து ஒரு சுற்று அரைத்துச் சேர்ப்பார்கள், அதுவும் நன்றாக இருக்கும். இதற்கு மேல் பொடி எதுவும் வேண்டாம். நல்ல பீன்ஸை மசாலாவில் மூழ்கடிப்பது காய்க்குச் செய்யும் அநியாயம்.

விடுமுறை நாளில் பருப்பு உசிலி செய்து பார். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் சம அளவு எடுத்து, ஒன்றரை மணி நேரம் ஊறவைத்து, நான்கு மிளகாயும் உப்பும் பெருங்காயமும் சேர்த்துக் கொரகொரப்பாக அரை. தண்ணீர் விடாதே. இட்லித் தட்டில் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, ஆறிய பிறகு உதிர்க்க வேண்டும். சூட்டோடு உதிர்த்தால் கட்டி கட்டியாக நிற்கும். இதற்கு மட்டும் எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. உதிர்த்த பருப்பு எண்ணெயில் மொறுமொறுவென்று ஆனபிறகுதான் வெந்த பீன்ஸ் சேர வேண்டும். மோர்க்குழம்போடு சாப்பிடு.

இன்னொன்று. காலையில் வைத்த பொரியலை டப்பாவில் எடுத்துப் போகிறாயே, தேங்காய் போட்டதை மதியமே முடித்துவிடு. சென்னை வெயிலில் சாயங்காலம்வரை தாங்காது. இரவுக்கும் வேண்டுமென்றால் தேங்காய் போடுமுன் பாதியை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, சூடுபண்ணும்போது துருவிப் போட்டுக்கொள்.

அன்புடன்,
பெரியம்மா